கைக்குட்டை போட்ட நாற்காலி

பள்ளிக்கூட ஆண்டு விழாப் பந்தலிலிருந்து நாற்காலிகள் எழுந்து, தேரடித் தெரு வழியாக, வரிசை குலையாமல் மூணுமாடிக் கடைக்கு நடந்துவந்த புதன்கிழமை சாயங்காலம், நான் முதல் மாடியில் பூனம் சேலைப் பிரிவில் நின்றுகொண்டிருந்தேன். நின்றுகொண்டிருந்தேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை. மூணுமாடிக் கடையில் வேலை பார்க்கிற பெண்கள் அறுபத்திரண்டு பேரும் காலை ஒன்பது மணிக்குக் கைரேகை வைத்ததிலிருந்து கடை அடைக்கிற வரைக்கும் நிற்பவர்கள். சுவரில் சாயக்கூடாது, மேசையில் முழங்கை ஊன்றக்கூடாது, ஈ காக்கை வராத மத்தியான நேரத்திலும் வாசலைப் பார்த்துச் சிரித்த முகமாக நிற்கவேண்டும். அப்படி நின்றபோதுதான் முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. பழக்கதோஷத்தில் திரும்பிக் கைகூப்பி, "வாங்க மேடம், என்ன பாக்கீங்க, பட்டா, பூனமா?" என்று கேட்டுவிட்டேன். எதிரே நின்றது ஒரு பச்சைப் பிளாஸ்டிக் நாற்காலி. அது பதில் சொல்லவில்லை. கேட்டது கேட்டாகிவிட்டது, மரியாதைக்கு இரண்டு சேலையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் ஓய்ந்தேன்.

நடந்தது இதுதான். எனக்குப் பக்கத்து மேசையில், பட்டுப் பிரிவில் நிற்பவள் முப்பிடாதி. பத்தொன்பது வருஷமாக நிற்கிறாள். அவளும் நானும் ஒரே வளவில் அடுத்தடுத்த வீட்டுக்காரிகள். புருஷன் இறந்த பிறகு அவளுக்கு இருப்பது ஒரே மகள், பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற உலகம்மை. வீட்டில் அவள் இருக்கிற இடம் தெரியாது. மேடையில் ஏற்றிவிட்டால் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும். மாவட்டப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியிருந்தாள். ஆண்டு விழாவில் அவளைப் பேசவைப்பதென்று முடிவாகி, "நம் ஊரின் பெருமை" என்று தலைப்பும் கொடுத்து, தமிழாசிரியையே மூன்று பக்கம் எழுதியும் கொடுத்திருந்தார். சிறப்பு விருந்தினர் வேறு யாருமில்லை, பள்ளிக்கூடத்துக்கு ஆறு மின்விசிறி வாங்கிக் கொடுத்த எங்கள் கடை முதலாளிதான்.

முப்பிடாதி அரைநாள் லீவு கேட்டாள். "ஆவணி முகூர்த்த நேரத்துல லீவா? ஒன் மவ பேசுனா மைக்குல இங்கனயே கேக்கும்" என்றார் சூப்பர்வைசர் தவசி. அவள் "சரி சார்" என்று போய் நின்றுகொண்டாள். பள்ளிக்கூடம் ஊருக்கு அந்தக் கடைசியில் இருக்கிறது, கடை இந்தக் கடைசியில் இருக்கிறது. எந்த மைக்கும் அவ்வளவு தூரம் கேட்காதென்று தவசிக்கும் தெரியும்.

உலகம்மைக்குத்தான் அது தெரியாது. அம்மா வந்துவிடுவாள் என்று, பெற்றோர் வரிசையில் இரண்டாவது நாற்காலியில் தன் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாள். பஸ் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற ஊர் எங்களுடையது. துண்டு கிடக்கிற இடத்தில் ஊரே கூடினாலும் ஒருத்தரும் உட்காரமாட்டோம். அன்றைக்கும் கூட்டம் நெருக்கியடித்து, ஓரத்தில் ஆட்கள் காலை மாற்றி மாற்றி நின்றார்களே தவிர, அந்தக் கைக்குட்டையை யாரும் தொடவில்லை. வெளிர்நீலக் கைக்குட்டை, சேலை ஓரத்தில் மிஞ்சிய துணியில் முப்பிடாதியே தைத்து, மூலையில் சிவப்பு நூலில் ஒரு "உ" போட்டது.

மேடையேறிய உலகம்மை எல்லாரும் தொடங்குவது போலத்தான் தொடங்கினாள். மேடையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியை அவர்களே, சிறப்பு விருந்தினராக வீற்றிருக்கும் தொழிலதிபர் அவர்களே, எதிரே வீற்றிருக்கும் பெற்றோர்களே என்று அடுக்கிக்கொண்டு வந்தவளின் கண் அந்தக் கைக்குட்டையில் போய் விழுந்திருக்கிறது. நின்றுவிட்டாள். மறந்துவிட்டாள்போல என்று தமிழாசிரியை கீழேயிருந்து வாயசைத்து எடுத்துக் கொடுத்தார். உலகம்மை மூன்று பக்கத்தையும் நாலாக மடித்தாள். "எங்க அம்மா இங்க வீற்றிருக்கல. அவங்க நாற்காலி காலியாக் கெடக்கு. எங்க அம்மா எங்கயும் வீற்றிருந்து நான் பாத்ததே இல்ல" என்று ஆரம்பித்து, எழுதிக் கொடுக்காததையெல்லாம் ஏழு நிமிஷம் பேசி, "அவங்களுக்கு ஒரு நாற்காலி போடுங்க" என்று முடித்தாளாம். கைதட்டுவதா வேண்டாமா என்று ஊரே முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இடைவெளியில், கைக்குட்டை போட்ட நாற்காலி எழுந்தது.

அது எழுந்ததும் பக்கத்து நாற்காலிகளும் எழுந்தன. மேல் உட்கார்ந்திருந்தவர்களை நோகாமல் இறக்கிவிட்டுவிட்டுப் புறப்பட்டன. மேடையில் முதலாளிக்குப் போட்டிருந்த சிவப்பு வெல்வெட் நாற்காலி மட்டும் அவரைக் கொஞ்சம் உலுக்கித்தான் இறக்கவேண்டியிருந்ததாம். தேரடித் தெருவில் போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டி லாரிகளை நிறுத்தினார். இரண்டு வீட்டில் வாசலில் தண்ணீர் தெளித்தார்கள். போகிற வழியில் சலூன் நாற்காலி திருகாணியைக் கழற்றிக்கொண்டு சேர்ந்தது, கல்யாண மண்டபத்து இரும்பு நாற்காலிகள் முந்நூறும் சேர்ந்தன, முதுகில் துண்டு போட்ட தாலுகா ஆபீஸ் நாற்காலி ஒருக்களித்து வாசலைத் தாண்டி வந்து சேர்ந்தது. முதலாளியின் காருக்குள்ளிருந்த சீட்டும் இறங்கிவிட்டது. அதனால் அவர் நடந்தே கடைக்கு வந்தார்.

ஒவ்வொருத்தி பின்னாலும் ஒவ்வொன்று வந்து நின்றது, மிஞ்சியவை மாடிகளில் கிடைத்த மூலையில் நின்றன. வெல்வெட் நாற்காலி, மாடிப்படி துடைக்கிற மரியபுஷ்பத்தின் பின்னால் போய் நின்றது. தொழிலாளர் துறை அதிகாரி சோதனைக்கு வருகிற அன்றைக்கு மட்டும் எங்களுக்கென்று வெளியே எடுத்து, மற்ற நாளில் குடோனுக்குள் பூட்டி வைக்கிற பன்னிரண்டு ஸ்டூலும் கதவைத் திறக்கச் சொல்லி உள்ளேயிருந்து தட்டின. கைக்குட்டை போட்டது நேராக முப்பிடாதியிடம் வந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள், அந்தச் சிவப்பு "உ"வைப் பார்த்தாள். முகத்தில் ஒரு நொடி ஏதோ வந்து போனது. பிறகு எதிரே நின்ற கல்யாணப் பெண்ணின் அம்மாவிடம் திரும்பி, "இதுலயே மாம்பழக் கலரும் இருக்கு மேடம்" என்றாள்.

முதலாளி மூச்சு வாங்க மாடியேறி வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். எங்கள் பேர் அத்தனையும் அவருக்குத் தெரியும், தீபாவளிக்குச் சேலை தருவார். ஆனால் கடைக்காரி உட்கார்ந்தால் கடை படுத்துவிடும் என்று அவருடைய அப்பா சொன்னதை அவர் இன்னும் நம்புகிறார். "நாற்காலி வந்தா வந்துட்டுப் போவட்டும்" என்றார். "உக்காந்தவ நாளைக்கு வரவேண்டாம்."

யாரும் உட்காரவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் பாதி. மீதி என்னவென்றால், எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

மறுநாள் காலையில் கடைக்குச் சேர்ந்து போக முப்பிடாதியைக் கூப்பிடப் போனேன். மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள், நின்றுகொண்டேதான். உலகம்மை படியில் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாளிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்பது பார்த்ததும் தெரிந்தது. சீப்பை அழுத்தி இழுத்துக்கொண்டே முப்பிடாதி கேட்டாள்: "ஏட்டி, எங் கால எதுக்கு ஊர் முன்னால காட்டுன?"

"கால காட்டலம்மா. நீங்க நிக்கததான் சொன்னேன்."

"நரம்பு சுருண்டு கெடக்குன்னு சொன்னியாம்லா? வாரவுக எல்லாம் சேலையப் பாக்காம எங் கணுக்கால குனிஞ்சு பாக்காவ."

உலகம்மைக்குக் கண் நிறைந்துவிட்டது. "முழுசாக் கேட்டா அப்படி இருக்காதும்மா. இப்பச் சொல்லிக் காட்டட்டா?"

"ஒண்ணும் வேண்டாம். பள்ளிக்கூடம் போ."

போகச் சொன்னவள், வெள்ளிக்கிழமைக்கென்று ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த பிச்சிப்பூவை வியாழக்கிழமையே எடுத்து மகள் தலையில் வைத்துவிட்டாள். நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டு, "வாடிப் போயிரும்லா அக்கா" என்றாள். பூ மொட்டாகத்தான் இருந்தது.

நாற்காலிகள் திரும்பிப் போகவில்லை. ஊர் முதலில் அதட்டிப் பார்த்தது, பிறகு கயிறு கட்டி மாட்டுவண்டியில் ஏற்றிப் பார்த்தது. காலையில் அவை தத்தம் இடத்துக்கு, அதாவது எங்கள் பின்னால், வந்து நின்றன. பிறகு ஊர் பழகிக்கொண்டது. எங்கள் ஊர் எதற்கும் மூன்று நாளில் பழகிவிடும். கல்யாணத்துக்கு வந்தவர்கள் நின்றபடி தாலி கட்டுவதைப் பார்த்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு உட்காரக்கூட வழியில்லாமல் நின்றபடியே கோபித்துக்கொண்டார்கள். சலூனில் உயரமான ஆட்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு சவரம் செய்துகொண்டார்கள். தாலுகா ஆபீசில் அதிகாரியும் நின்றார், மனுக் கொடுக்க வந்தவனும் நின்றான். இருவர் கண்ணும் ஒரே உயரத்தில் இருந்ததால் எப்படிப் பேசுவதென்று இருவருக்குமே தெரியவில்லை. இரண்டரை மணிநேரம் நடக்கிற கட்சிக் கூட்டம் கால்மணியில் முடிந்தது. பஸ் டிரைவர் நின்றுகொண்டு ஓட்ட முடியாதென்று சொல்ல, தேங்காய் மூட்டையைப் போட்டுக் கொடுத்தார்கள். ஆறாம் நாள் எங்கள் ஊர் மருந்துக்கடைகளில் வலித் தைலம் தீர்ந்துபோனது. எட்டு மணிநேரம் நின்றால் பாதம் இரண்டு சுற்றுப் பெருக்கும் என்பதை ஊர்ப் பெரிய மனிதர்கள் ஏதோ தாங்களே கண்டுபிடித்த மாதிரி ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பாக வந்தது.

கடையில் கூட்டம் தாங்கவில்லை. நாற்காலி பார்க்க வந்தவர்கள் சும்மா போகக் கூச்சப்பட்டு ஆளுக்கொரு ஜாக்கெட் துணியாவது எடுத்தார்கள். வாடிக்கையாளர் யாராவது களைத்துப்போய் எங்கள் நாற்காலியில் உட்காரப் போனால் அது மரியாதையாக ஒரு அடி நகர்ந்துகொள்ளும். வந்தவர்கள் எல்லாரும் முப்பிடாதியிடம் உலகம்மையின் பேச்சில் ஒரு வரியாவது சொல்லாமல் போகவில்லை. "ஒங்க மவ சொன்னா பாருங்க, எங்க அம்மா பகல்ல தண்ணி குடிக்க மாட்டாங்க, பாத்ரூமுக்கு ரெண்டு மாடி ஏறணும்னு..." என்றாள் ஒரு டீச்சர். "மூணு மாடியும் எங்க அம்மா கால் மேலதான் நிக்குன்னுச்சே, அந்தப் பிள்ளைக்குத் திருஷ்டி சுத்திப் போடுங்க" என்றார் ஒரு கிழவர். இன்னொருத்தி, நின்றுகொண்டே சாப்பிடுவதைச் சொன்னாள். முப்பிடாதி யாரிடமும் சிரிக்கவில்லை. "அப்படியா மேடம்" என்பாள், சேலையை மடிப்பாள். ஆனால் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், கையில் டப்பாவோடு நின்றபடி என்னிடம் மெதுவாகக் கேட்பாள்: "செல்லக்கனி அக்கா, மொதல்ல தண்ணி வருமா, சாப்பாடு வருமா? மூணு மாடி கடைசியிலதான வரும்?" கலைந்த சேலைகளை நிறம் பார்த்து அடுக்குகிற மாதிரி, வந்த வரிகளையெல்லாம் அவள் மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முகம் அந்த நாட்களில் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். எனக்குப் பொறாமையாக இருந்தது, சொன்னால் என்ன. எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். என் கால் எந்த நிறம் என்று கேட்டால் அவன் முழிப்பான்.

"அவகிட்டயே கேக்க வேண்டியதான?" என்றேன்.

"எப்படிக்கா கேக்க? வேண்டாம்னு சொல்லிட்டேன்லா."

முகூர்த்த நாட்கள் நெருங்கின. மண்டபக்காரர்களும் தாலுகா ஆபீஸ்காரர்களும் சேர்ந்து முதலாளியிடம் வந்து, ஒரு வழி பண்ணுங்கள் என்றார்கள். சொன்ன வாய் திரும்ப வாங்கிக்கொண்டால் நாற்காலிகள் போய்விடும் என்று முதலாளி கணித்தார். அவர் சொல்லிவிட்டபடி தலைமையாசிரியை உலகம்மையைக் கூப்பிட்டு, பேசியது பொய் என்று எழுதிக் கொடு, இல்லாவிட்டால் டி.சி. வாங்கிக்கொண்டு போ என்றார். உலகம்மை அழவில்லையாம். "எங்க அம்மா வந்து, எனக்குக் கால் வலிக்கலன்னு அவங்க வாயால சொல்லட்டும் மிஸ். சொன்னா எழுதித் தாரேன்" என்றாளாம்.

அதைக் கேட்டதும் முதலாளிக்கு நிம்மதியாகிவிட்டது. முப்பிடாதியை அவருக்குத் தெரியும். பத்தொன்பது வருஷத்தில், "என்ன முப்பிடாதி, களைப்பா?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார், ஒரு தடவை தவறாமல் "இல்ல மொதலாளி" என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

ஒன்பதாம் நாள் காலை பதினோரு மணிக்கு எல்லாரையும் முதல் மாடியில் கூட்டினார்கள். தலைமையாசிரியை உலகம்மையைச் சீருடையோடு அழைத்து வந்திருந்தார். பைக்கட்டை இறக்காமல் மாடிப்படி முனையில் அவள் நின்றாள். தவசி கையில் வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்திருந்தார். ஊரில் பாதி மாடிப்படியில் நின்றது, மீதி தெருவில் நின்றது. முப்பிடாதி தன் மேசைக்குப் பின்னால், அவளுக்குப் பின்னால் அந்தக் கைக்குட்டை போட்ட நாற்காலி. முதல் நாள் பார்த்த அந்த ஒரு பார்வைக்குப் பிறகு அவள் அதன் பக்கம் திரும்பவே இல்லை.

"முப்பிடாதி" என்றார் முதலாளி, குரலைத் தணித்து. "நீ எங்க வீட்டுப் பிள்ள மாதிரி. சின்னப் பிள்ள ஏதோ அறியாமப் பேசிட்டு. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல. நீ ஒரே வார்த்த சொல்லு, அவா படிப்பு படிப்பா இருக்கும், ஒன் வேல வேலையா இருக்கும். ஒனக்குக் கால் வலிக்கா?"

அவள் வாய் திறந்ததை நான் பார்த்தேன். "இல்ல" என்று சொல்லத்தான் அந்த வாய்க்குத் தெரியும். என் வாய்க்கும் அதுதான் தெரியும். நானே அவளுக்காக உள்ளுக்குள் சொல்லிவிட்டேன்: சொல்லித் தொலை, பிள்ளை படிப்பு போய்விடும். உலகம்மை அம்மாவைப் பார்த்தபடி நின்றாள். சொல்லுங்கள் என்றும் அந்தப் பார்வையில் இல்லை, சொல்லாதீர்கள் என்றும் இல்லை. பந்தலில் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தாளே, அதே பார்வையாகத்தான் இருந்திருக்கும்.

முப்பிடாதி வாயை மூடிக்கொண்டாள். மெதுவாகத் திரும்பினாள். கைக்குட்டையை எடுத்து ஒரு உதறு உதறி, பட்டுச் சேலையை மடிக்கிற மாதிரி ஓரத்தோடு ஓரம் சேர்த்து எட்டாக மடித்தாள். பிறகு நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தாள். முழங்கால் மடங்க மாட்டேன் என்றது. பழக்கமில்லாத வேலையைச் செய்கிறவள் போல, இடுப்பைத் தாழ்த்தி, பாதியில் நின்று, மூச்சு விட்டு, மறுபடி தாழ்த்தி, உட்கார்ந்தாள். நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு காலையும் முன்னால் நீட்டினாள். கணுக்கால் தெரிந்தது. அவள் சேலையை இழுத்து மூடவில்லை.

"முப்பிடாதி!" என்றார் தவசி.

அவள் தவசியையும் பார்க்கவில்லை, முதலாளியையும் பார்க்கவில்லை. "உலகு, இங்கன வா" என்றாள். "அன்னைக்கு எனக்கு லீவு கெடைக்கலட்டி. நீ பிடிச்சு வச்ச எடத்துல இன்னைக்கு வந்து உக்காந்துட்டேன். ஆளாளுக்கு ஒரு வரி சொன்னாவ, எனக்கு வரிசை தெரியல. மொதல்லேருந்து சொல்லு. அம்மா கேக்கேன்."

அப்போதுதான் என் முழங்கால் தானாக மடங்கியது. பச்சைப் பிளாஸ்டிக் நாற்காலி என்னைத் தாங்கிக்கொண்டது. என்ன சொல்ல, பாதத்திலிருந்து ஏதோ இறங்கித் தரைக்குள் போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்த சத்தம், அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி, மேல் மாடியில், கீழ் மாடியில், படிக்கட்டில் வெல்வெட் நாற்காலியில் ஈரத்துணியோடு மரியபுஷ்பம். அறுபத்திரண்டு சத்தம் அடங்கியதும், மிச்சமிருந்த நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் படியிறங்கி, ஊரை விலக்கிக்கொண்டு, மண்டபத்துக்கும் சலூனுக்கும் தாலுகா ஆபீசுக்கும் திரும்பிப் போகத் தொடங்கின. முதலாளி உட்கார இடம் தேடி ஒருமுறை சுற்றிப் பார்த்தார். இல்லை. ஆகவே நின்றார்.

உலகம்மை பைக்கட்டை இறக்கி வைத்தாள். புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். போட்டி மேடையில் நிற்பது போலக் கால்களைச் சேர்த்து, கைகூப்பி, அறுபத்திரண்டு பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, கடைசியில் அந்த ஒருத்தியிடம் கண்ணை நிறுத்தி, ஊரின் அந்தக் கடைசி வரைக்கும் கேட்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"இங்கே வீற்றிருக்கும் என் அம்மா அவர்களே..."